50 சதவீதம் தொடாமலே 20 வருடம்: பென்னெட்டின் தேர்தல் கணக்கு

கனடா அரசியல் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஒட்டாவாவும் பிரதமரும்தான். மாகாண அரசியல் பக்கம் யாரும் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் சுவாரசியமான கதைகள் எல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கின்றன. இந்தப் பதிவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை 20 வருடம் ஆண்ட ஒருவரின் தேர்தல் கணக்கைப் பார்க்கப் போகிறோம்.

அவர் பெயர் வில்லியம் ஆண்ட்ரூ செசில் பென்னெட். சுருக்கமாக டபிள்யூ.ஏ.சி. பென்னெட். முதல் எழுத்துகளைச் சேர்த்து எதிரிகள் அவரை 'வாக்கி' என்று கிண்டல் செய்வார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கிறுக்குத்தனம் என்று அர்த்தம் :) 1952 ஆகஸ்டிலிருந்து 1972 செப்டம்பர் வரை அவர்தான் முதல்வர் (அங்கே 'பிரீமியர்' என்பார்கள்). அந்த மாகாணத்தில் இதுவரை வேறு யாரும் அவ்வளவு காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இவர் மேல் என்ன அக்கறை என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள். ஒன்று, இவர் அடிப்படையில் ஒரு ஹார்டுவேர் கடை முதலாளி. ஆணி, பெயின்ட், பைப் விற்றுக்கொண்டிருந்தவர். இரண்டாவது காரணம் ஒரு கணக்குப் புதிர். இவர் தலைமையில் கட்சி தொடர்ந்து 7 பொதுத் தேர்தல்களில் ஜெயித்தது. அந்த ஏழில் ஒன்றில்கூட பதிவான ஓட்டுகளில் பாதி அவர்களுக்கு விழவில்லை. அப்புறம் எப்படி 20 வருடம்?

கடையிலிருந்து சட்டசபைக்கு

பென்னெட் பிறந்தது 1900-இல், கிழக்குக் கோடியில் உள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில். பிறகு ஆல்பர்ட்டா போய் ஹார்டுவேர் வியாபாரம் கற்றுக்கொண்டார். 1930-இல், உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவின் உள்பகுதியில் இருக்கும் கெலோனா என்ற ஊருக்கு வந்து ஒரு கடையை விலைக்கு வாங்கினார். ஒகனாகன் ஏரிக்கரையில் பழத்தோட்டங்கள் நிறைந்த ஊர். கடை நன்றாக ஓடியது. ஊரில் பெயரும் வந்தது.

1937-இல் சவுத் ஒகனாகன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி டிக்கெட்டுக்கு முயன்றார். கிடைக்கவில்லை. 1941-இல் டிக்கெட்டும் கிடைத்தது, வெற்றியும் கிடைத்தது.

அந்த 1941 தேர்தல் முடிவைக் கொஞ்சம் கவனியுங்கள். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அதில் விதை இருக்கிறது. மொத்தம் 48 இடங்கள். லிபரல் 21, கன்சர்வேட்டிவ் 12, சி.சி.எஃப். என்ற சோஷலிசக் கட்சி 14. ஆனால் ஓட்டு எண்ணிக்கையில் முதலிடம் சி.சி.எஃப்.புக்கு! 33 சதவீதத்துக்குச் சற்று மேல். லிபரல் மயிரிழையில் பின்தங்கி 33-க்குச் சற்றுக் கீழ். அதிக ஓட்டு வாங்கிய கட்சிக்கு 14 சீட், அடுத்து வந்த கட்சிக்கு 21 சீட். நம்மூரைப் போலவே அங்கும் தொகுதியில் முன்னால் நிற்பவருக்கே வெற்றி. மொத்த ஓட்டு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சோஷலிஸ்டுகள் இவ்வளவு நெருங்கி வந்ததைப் பார்த்து லிபரலும் கன்சர்வேட்டிவும் பயந்துபோய்க் கூட்டணி ஆட்சி அமைத்தன. 1945-இல் கூட்டணி 48-இல் 37 இடம் பிடித்தது. பென்னெட் மறுபடி ஜெயித்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1941-இலும் 1945-இலும் பென்னெட் ஜெயித்தபோது அந்த மாகாணத்தில் எல்லோருக்கும் ஓட்டுரிமை இல்லை. சீன வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அங்கே மாகாணத் தேர்தலில் ஓட்டு கிடைத்தது 1947-இல்தான். ஜப்பானிய வம்சாவளியினருக்கும் பூர்வகுடிகளுக்கும் 1949-இல். அந்த 1949 தேர்தலிலேயே நிஸ்கா இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் கால்டர் அட்லின் தொகுதியில் சி.சி.எஃப். சார்பில் ஜெயித்து, கனடாவில் ஒரு சட்டசபைக்குத் தேர்வான முதல் பதிவுபெற்ற பூர்வகுடி உறுப்பினரானார். "மக்கள் தீர்ப்பு" என்று நாம் சொல்லும்போது அந்த "மக்கள்" யார் என்பதும் வருடத்துக்கு வருடம் மாறுகிற ஒன்று.

தோல்வி மேல் தோல்வி

பென்னெட்டுக்கு சாதாரண எம்.எல்.ஏ.வாக இருப்பதில் திருப்தி இல்லை. 1946-இல் மாகாணக் கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டு ஹெர்பர்ட் ஆன்ஸ்கோம்பிடம் தோற்றார். 1948-இல் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, யேல் தொகுதியில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்றார். அங்கே சி.சி.எஃப். வேட்பாளர் ஓவன் ஜோன்ஸிடம் தோல்வி. கையில் இருந்ததும் போய், ஆசைப்பட்டதும் கிடைக்காத நிலை. 1949 பொதுத் தேர்தலில் பழைய தொகுதியிலேயே நின்று திரும்பி வந்தார். 1950-இல் மறுபடி தலைமைப் போட்டி. மறுபடி அதே ஆன்ஸ்கோம்பிடம் தோல்வி.

அப்போது அவருக்கு 50 வயது. இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அவர் வெறும் உள்ளூர்க் கடைக்காரர், பின்வரிசை எம்.எல்.ஏ., அவ்வளவுதான்.

1951 மார்ச்சில் அரசின் மருத்துவமனைக் காப்பீட்டுத் திட்டத்தை எதிர்த்துக் கூட்டணியை விட்டு வெளியேறி சுயேச்சையாக உட்கார்ந்தார். அந்த வருடக் கடைசியில் சோஷியல் கிரெடிட் என்ற இயக்கத்தில் சேர்ந்தார். பக்கத்து ஆல்பர்ட்டாவில் 1935 முதல் ஆட்சியில் இருந்த கட்சி அது. மேஜர் டக்ளஸ் என்பவரின் விசித்திரமான பணக் கோட்பாட்டில் தொடங்கியது. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1949 வரை ஒரு சீட்கூட ஜெயிக்காத கட்சி. வியாபார பாஷையில் சொன்னால், பென்னெட் ஓடாத ஒரு கடையின் பெயர்ப்பலகையை மலிவு விலைக்கு வாங்கினார். உள்ளே இருந்த பழைய சரக்கை (அதாவது அந்தப் பணக் கோட்பாட்டை) பிற்பாடு சத்தமில்லாமல் ஓரங்கட்டினார்.

தோண்டியவர்களே விழுந்த குழி

இதற்கிடையில் கூட்டணியில் விரிசல். லிபரல் முதல்வர் பைரன் ஜான்சன், 1952 ஜனவரியில் நிதியமைச்சர் ஆன்ஸ்கோம்பை வெளியேற்றினார். கூட்டணி உடைந்தது. ஆனால் உடைவதற்கு முன்பே இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரு காரியம் செய்திருந்தன. தேர்தல் முறையையே மாற்றியிருந்தன.

புதிய முறை இதுதான். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடாமல் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை இரண்டாவது விருப்பப்படி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும். நம் நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தலில் இருக்கிற விருப்ப வரிசை முறை மாதிரிதான்.

எதற்காக இந்த ஏற்பாடு? கணக்கு சுலபம். லிபரலும் கன்சர்வேட்டிவும் தனித்தனியாக நின்றாலும், லிபரல் வாக்காளர் 2-ஐ கன்சர்வேட்டிவுக்கும், கன்சர்வேட்டிவ் வாக்காளர் 2-ஐ லிபரலுக்கும் போடுவார். சி.சி.எஃப். எவ்வளவு ஓட்டு வாங்கினாலும் உள்ளே வர முடியாது. பேப்பரில் பார்த்தால் அருமையான திட்டம்.

1952 ஜூன் 12-இல் தேர்தல். முதல் விருப்ப ஓட்டுகள் இப்படி: சி.சி.எஃப். சுமார் 31 சதவீதம், சோஷியல் கிரெடிட் 27, லிபரல் 23, கன்சர்வேட்டிவ் 17. பிறகு இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களை எண்ண ஆரம்பித்தார்கள். வாரக்கணக்கில் எண்ணினார்கள்.

நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. கூட்டணிக்குள் அடித்துக்கொண்டதில் லிபரல், கன்சர்வேட்டிவ் வாக்காளர்களுக்குள் வெறுப்பு ஏறியிருந்தது. பலர் இரண்டாவது விருப்பத்தைப் பழைய கூட்டாளிக்குத் தராமல் புதுக்கட்சியான சோஷியல் கிரெடிட்டுக்குப் போட்டார்கள். சி.சி.எஃப். வாக்காளர்களுக்கோ இரண்டு பழைய கட்சிகளையும் பிடிக்காது. அவர்களிலும் நிறையப் பேர் 2-ஐ சோஷியல் கிரெடிட்டுக்கே கொடுத்தார்கள். யாருக்கும் முதல் தேர்வாக இல்லாவிட்டாலும், எல்லோருக்கும் இரண்டாம் தேர்வாக இருந்த கட்சி முன்னால் வந்தது.

இறுதி முடிவு: சோஷியல் கிரெடிட் 19, சி.சி.எஃப். 18, லிபரல் 6, கன்சர்வேட்டிவ் 4, தொழிலாளர் சார்பில் டாம் அப்ஹில் 1. முதல்வர் ஜான்சனும் தோற்றார், ஆன்ஸ்கோம்பும் தோற்றார். சி.சி.எஃப்.புக்காகத் தோண்டிய குழியில் தோண்டியவர்களே விழுந்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஜெயித்த கட்சிக்குத் தலைவரே இல்லை! பிரசாரத்தைத் தலைமையேற்று நடத்தியவர் ஆல்பர்ட்டாவைச் சேர்ந்த எம்.பி. எர்னஸ்ட் ஹான்செல் என்ற பாதிரியார். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. அதனால் ஜெயித்த 19 பேரும் ஜூலையில் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டசபை அனுபவம் உள்ள பென்னெட்டுக்கு 10 ஓட்டு. அந்தப் பத்து ஓட்டில் ஆரம்பித்ததுதான் 20 வருட ஆட்சி.

48-இல் 19 என்பது மெஜாரிட்டிக்கு 6 குறைவு. மாகாண ஆளுநர் கிளாரன்ஸ் வாலஸ் தயங்கினார். ஃபெர்னி தொகுதியில் 1920-இலிருந்து ஜெயித்துக்கொண்டிருந்த டாம் அப்ஹிலின் ஆதரவை பென்னெட் பெற்றார். இடதுசாரி அப்ஹில் சி.சி.எஃப். பக்கம் போயிருந்தால் 19-க்கு 19 என்றாகியிருக்கும். ஆகஸ்ட் 1-ஆம் தேதி பென்னெட் பதவியேற்றார்.

தோற்றே ஜெயித்தவர்

சிறுபான்மை ஆட்சி நடத்துகிறவர்கள் பொதுவாகக் கவிழாமல் இருக்கப் பாடுபடுவார்கள். பென்னெட் கவிழ்வதற்குச் சரியான நேரம் பார்த்தார். 1953 மார்ச்சில் பள்ளிகளுக்கான நிதி ஒதுக்கீடு மசோதாவில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து அரசைத் தோற்கடித்தன. சி.சி.எஃப். தலைவர் ஹரோல்ட் வின்ச், நான் ஆட்சி அமைக்கிறேன் என்று ஆளுநரிடம் போனார். ஆளுநர் ஒப்புக்கொள்ளவில்லை. சபை கலைந்தது.

ஜூன் 9-இல் மறுதேர்தல், அதே விருப்ப வரிசை முறையில். இந்த முறை சோஷியல் கிரெடிட்டுக்கு முதல் விருப்பமே சுமார் 38 சதவீதம், 28 இடங்கள். சி.சி.எஃப். 14, லிபரல் 4, கன்சர்வேட்டிவ் 1, அப்ஹில் 1. தெளிவான மெஜாரிட்டி.

அதற்கப்புறம் பென்னெட் அரசு செய்த காரியம் என்ன தெரியுமா? தன்னை ஆட்சியில் ஏற்றிய அந்த விருப்ப வரிசை முறையையே ரத்து செய்தது. 1956 தேர்தல் பழைய முறையிலேயே நடந்தது. ஏணியில் ஏறி முடித்ததும் ஏணியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி. காரணம் யோசித்தால் புரியும். எதிரணி சிதறிக் கிடக்கும்போது, 40 சதவீதம் வைத்திருப்பவருக்குப் பழைய முறைதான் லாபம்.

பேலன்ஸ் ஷீட்

இப்போது 1956 முதல் வரும் தேர்தல்களைக் கணக்குப் புத்தகம் மாதிரி வரிசையாக எழுதிப் பார்ப்போம். சதவீதங்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

1956: ஓட்டு 46 சதவீதம், 52-இல் 39 இடம்.
1960: ஓட்டு 39 சதவீதம், 52-இல் 32 இடம்.
1963: ஓட்டு 41 சதவீதம், 52-இல் 33 இடம்.
1966: ஓட்டு 46 சதவீதம், 55-இல் 33 இடம்.
1969: ஓட்டு 47 சதவீதம், 55-இல் 38 இடம்.

1956-ஐப் பாருங்கள். பாதிக்கும் குறைவான ஓட்டு, சபையில் முக்கால்வாசி இடம். 1960-இல் நூற்றுக்கு 61 பேர் வேறு கட்சிகளுக்குப் போட்டார்கள். ஆனால் அந்த 61 மூன்றாகப் பிரிந்தது. சி.சி.எஃப். 33, லிபரல் 21, கன்சர்வேட்டிவ் 7. பென்னெட்டின் மெஜாரிட்டிக்கு ஆபத்தே இல்லை.

இதை பென்னெட் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அவர் பிரசாரத்தின் சாரம் ஒன்றுதான்: சோஷலிஸ்டுகள் வாசலில் நிற்கிறார்கள், எனக்குப் போடாவிட்டால் அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். லிபரலுக்கோ கன்சர்வேட்டிவுக்கோ போடுகிற ஓட்டு வீண் என்று அந்த ஆதரவாளர்களை நம்பவைப்பதுதான் நோக்கம். அவர் உண்மையில் போட்டி போட்டது சோஷலிஸ்டுகளோடு அல்ல, நடுவில் நின்ற அந்த இரண்டு கட்சிகளோடு.

இன்னொரு பக்கம், எதிராளியின் சரக்கையும் எடுத்துத் தன் கடையில் வைத்து விற்றார். 1960 தேர்தலில் மின்சாரத்தை அரசுடைமை ஆக்குவோம் என்றது சி.சி.எஃப். பென்னெட் எதிர்த்தார். தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குள், 1961 ஆகஸ்டில், தனியார் பி.சி. எலக்ட்ரிக் நிறுவனத்தை அவரே அரசுடைமை ஆக்கினார்! 1962-இல் பி.சி. ஹைட்ரோ உருவானது. 1960-இல் அரசு ஃபெர்ரி சேவை ஓட ஆரம்பித்தது. 'இலவச வணிகம்' பேசிய ஆள் கப்பலும் மின்சாரமும் அரசு கைக்குக் கொண்டுவந்தார். சாலைகள், பாலங்கள், அணைகள். ஓட்டு ஏன் விழுந்தது என்பதற்கு எதிரணிப் பிளவு பாதிக் காரணம் என்றால், கண்ணுக்குத் தெரிகிற இந்த வேலைகள் மீதிக் காரணம்.

ஊழல் புகார்கூட அவர் கட்சியை அசைக்கவில்லை. வனத்துறை அமைச்சர் ராபர்ட் சோமர்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று 1955-இல் லிபரல் உறுப்பினர் கார்டன் கிப்சன் சபையில் கிளப்பினார். பிரச்சினையை மக்களிடம் கொண்டுபோக கிப்சன் தன் பதவியை ராஜினாமா செய்து லில்லூயெட் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். தோற்றுப்போனார். புகாருக்கு உள்ளான சோமர்ஸோ 1956-இல் தன் தொகுதியில் மறுபடி ஜெயித்தார்! 1958-இல் கோர்ட் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பியது. தேர்தல் வெற்றி ஒருவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்றிதழ் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

எரிந்த பத்திரமும் எரியாத கடனும்

காமர்ஸ் நண்பர்களே, இந்தப் பகுதி உங்களுக்காக.

1959 ஆகஸ்ட் 1, பதவியேற்ற ஏழாம் ஆண்டு நிறைவு நாள். கெலோனாவில் ஒகனாகன் ஏரியில் ஒரு மிதவை. அதன் மேல் தீர்த்து முடித்த 7 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்கள். பென்னெட் நெருப்பு அம்பு எய்ய, குவியல் பற்றி எரிந்தது. மாகாணம் இனிக் கடனற்றது என்று அறிவிப்பு. நிதியமைச்சரும் அவரேதான்.

உண்மையில் கடன் போய்விட்டதா? மாகாண அரசின் நேரடிக் கடன்தான் தீர்ந்தது. பசிபிக் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே, சுங்கச் சாலை மற்றும் பாலங்களுக்கான அமைப்பு, பள்ளி மாவட்டங்கள் போன்றவை வாங்கிய கடன்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு ஜாமீன் போட்டிருந்தது மாகாண அரசு. நம் பாடத்தில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று படிப்போமே, அதுதான். பேலன்ஸ் ஷீட்டுக்கு உள்ளே வராமல் அடிக்குறிப்பில் உட்கார்ந்திருக்கும். எதிர்க்கட்சிகள் இதைச் சொல்லிக் கேலி செய்தன.

ஒரு மளிகைக்கடைக்காரர் தன் பெயரில் உள்ள கடனை எல்லாம் தம்பி பெயருக்கு மாற்றி, தானே ஜாமீன் கையெழுத்தும் போட்டுவிட்டு, "எனக்கு ஒரு பைசா கடன் இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பொய் என்றும் சொல்ல முடியாது, நிஜம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ரயிலும் சாலையும் பள்ளிக்கூடமும் நிஜமாகவே இருந்தன. கடன் வாங்கித் தின்று தீர்த்துவிடவில்லை, சொத்தாக மாற்றினார்கள் என்பதையும் அவருக்கு வரவு வைக்கத்தான் வேண்டும்.

அடுத்த வருடமே தேர்தல். அவ்வளவு பெரிய வாணவேடிக்கைக்குப் பிறகும் ஓட்டு 46-இலிருந்து 39-ஆகக் குறைந்தது. வாக்காளர்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. ஆனால் சீட் கணக்கு அந்தக் கோபத்தை முழுசாகக் காட்டவில்லை.

அடிக்குறிப்பில் போன மனிதர்கள்

வடக்கே பீஸ் நதியின் குறுக்கே 183 மீட்டர் உயரத்தில் ஓர் அணை. பெயர் டபிள்யூ.ஏ.சி. பென்னெட் அணை. ஆட்சியில் இருக்கும்போதே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1967-இல் திறப்பு விழா. அணைக்குப் பின்னால் தேங்கிய வில்லிஸ்டன் ஏரியின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் போனது ட்ஸே கெ டெனே மக்களின் நிலம். வேட்டையாடிய காடு, ஆற்று வழி, உறவினர் புதைக்கப்பட்ட இடங்கள் எல்லாம் மூழ்கின. அவர்களைக் கலந்து பேசி, சம்மதம் வாங்கி இது நடக்கவில்லை. 1949-இலிருந்து ஓட்டுரிமை இருந்தது உண்மை. ஆனால் எந்தத் தொகுதியின் முடிவையும் மாற்றும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இல்லை. பென்னெட்டின் தேர்தல் அட்டவணையில் அவர்கள் எங்குமே தெரியமாட்டார்கள். மின்சாரம் தெற்கே நகரங்களுக்குப் போனது, நஷ்டம் வடக்கே தங்கியது. வருமானத்தை ஒரு பக்கம் காட்டி, செலவை இன்னொருவர் கணக்கில் எழுதினால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்.

1972: அதே கத்தி, வேறு கை

1969-இல் அவருடைய வாழ்நாளின் அதிகபட்ச ஓட்டு, 47 சதவீதம். 55-இல் 38 இடம். சி.சி.எஃப். 1961-இலேயே புதிய ஜனநாயகக் கட்சி (என்.டி.பி.) ஆக மாறியிருந்தது. அதற்கு 34 சதவீதம், 12 இடம். கன்சர்வேட்டிவ் ஒரு சதவீதம்கூட இல்லை.

மூன்றே வருடத்தில், 1972 ஆகஸ்ட் 30-இல், எல்லாம் தலைகீழ். என்.டி.பி. 38 இடம். சோஷியல் கிரெடிட் 10. லிபரல் 5, கன்சர்வேட்டிவ் 2. 41 வயது டேவ் பாரெட் முதல்வரானார். 72-ஐ நெருங்கிக்கொண்டிருந்த பென்னெட் எதிர்க்கட்சித் தலைவர்.

மாகாணமே சோஷலிசத்துக்கு மாறிவிட்டது என்று தோன்றும். ஓட்டைப் பாருங்கள். என்.டி.பி. 34-இலிருந்து சுமார் 40 ஆனது. ஆறு புள்ளி ஏற்றம், அவ்வளவே. சோஷியல் கிரெடிட் 47-இலிருந்து 31-க்கு விழுந்தது. அந்த 16 புள்ளி எங்கே போனது? கிட்டத்தட்ட இல்லாமலே இருந்த கன்சர்வேட்டிவ் கட்சி, டெரில் வாரன் என்ற இளம் தலைவரின் கீழ் சுமார் 13 சதவீதம் வாங்கியது! சீட் இரண்டுதான். ஆனால் பென்னெட்டின் அஸ்திவாரத்தை உருவிவிட்டது.

இருபது வருடம் எதிரணி பிரிந்ததால் அவர் ஜெயித்தார். இப்போது அவர் பக்கத்து ஓட்டு பிரிந்தது, அவர் தோற்றார். 1969-இல் அவருக்கு 38 இடம், 1972-இல் எதிராளிக்கும் அதே 38. அவர் திரும்பக் கொண்டுவந்த அதே பழைய தேர்தல் முறை, இந்த முறை அவர் மேலேயே பாய்ந்தது.

சொந்தத் தொகுதியில் மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. 1941-இலிருந்து 1972 வரை சவுத் ஒகனாகனில் 11 பொதுத் தேர்தல், 11-லும் வெற்றி. 1973-இல் விலகினார். இடைத்தேர்தலில் ஜெயித்தவர் அவர் மகன் பில் பென்னெட்.

கடைசி நிரூபணம் 1975-இல் வந்தது. லிபரல் எம்.எல்.ஏ.க்கள் மூவரும் கன்சர்வேட்டிவ் ஒருவரும் சோஷியல் கிரெடிட்டுக்குத் தாவினார்கள். பிரிந்த ஓட்டு ஒன்று சேர்ந்தது. சோஷியல் கிரெடிட் 49 சதவீதம், 35 இடம், பில் பென்னெட் முதல்வர். என்.டி.பி. வாங்கியது 39 சதவீதம். போன தேர்தலில் வாங்கியதைவிட அரைப் புள்ளிதான் குறைவு! அன்று 38 சீட், இன்று 18. பாரெட் தன் தொகுதியையே இழந்தார். ஏறக்குறைய அதே அளவு மக்கள் ஆதரவு, ஒருமுறை சிம்மாசனம், அடுத்த முறை வீடு.

என் கணக்கு

பென்னெட்டை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி என்னவோ அந்த விதிப்படி ஆடினார். மற்றவர்களைவிட நன்றாக ஆடினார். வாடிக்கையாளரில் பாதிப் பேர் வேண்டாம், பக்கத்துக் கடைக்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகம் வந்தால் போதும் என்பதைப் புரிந்துகொண்ட வியாபாரி அவர்.

நான் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. தேர்தல் முடிந்ததும் "மக்கள் பெருவாரியாக ஆதரித்துவிட்டார்கள்" என்று தலைப்புச் செய்தி வரும். அப்போது சீட் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஓட்டு சதவீதத்தையும் பார்க்க வேண்டும். மொத்த விற்பனையை மட்டும் காட்டி லாபம் எவ்வளவு என்று சொல்லாத கம்பெனியில் நாம் பணம் போடுவோமா?

பிரிட்டிஷ் கொலம்பியா மக்களும் இதை யோசிக்காமல் இல்லை. 2005-இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 57.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் 60 வேண்டும் என்று விதி இருந்ததால் நிறைவேறவில்லை. (பென்னெட் ஒருமுறைகூட வாங்காத சதவீதம் அது!) 2009-இலும் 2018-இலும் மறுபடி கேட்டபோது மக்கள் பழைய முறையே போதும் என்றுவிட்டார்கள். 2018-இல் 61 சதவீதம் பேர் அதற்கு ஆதரவு. அது ஏன் என்று யோசித்தால், தெளிவான மெஜாரிட்டியும் நிலையான ஆட்சியும் பலருக்கு முக்கியமாகப் படுகிறது. அணையும் பாலமும் கட்ட அது உதவும் என்பது உண்மைதான். அந்த அணைக்கு விலை கொடுத்தவர்களிடமும் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம்.

சோஷியல் கிரெடிட் 1991-இல் 7 இடமாகச் சுருங்கி, 1996-இல் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கடை மூடியாகிவிட்டது. அணை மட்டும் இன்னும் மின்சாரம் தருகிறது, அவர் பெயரோடு.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? 40 சதவீத ஓட்டில் நிலையான ஐந்து வருட ஆட்சி நல்லதா, இல்லை எல்லோருடைய ஓட்டுக்கும் சபையில் இடம் இருக்கும்படியான கலவை ஆட்சி நல்லதா? குறிப்பாக என் வகுப்பு நண்பர்கள், சும்மா "சூப்பர்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடாமல், காரணத்தோடு சொல்லுங்கள் :)